மனம் நிலைகொள்ளாத இரவுகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு

அப்பா காலமான ஆண்டில், இனி எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது என்று தெரியாமல் நின்ற எனக்கு, பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே கன்னியாகுமரி நாற்கரச் சாலையில் இரவில் கார் ஓட்டிச் சென்று திரும்புவதே பெரும் ஆறுதலாக இருந்தது. கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை இருப்பதால் துக்கம் சற்று விலகி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவதைப் போல இருக்கும். அதே நிலையில் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த இடத்தில் திரும்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அதை ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இதைவிட முக்கியமானது வேறில்லை; ஏனெனில் கலங்கிய மனம் 'இன்னும் கொஞ்ச தூரம்' என்றே கேட்டுக்கொண்டிருக்கும், போன தூரம் முழுவதையும் களைத்த உடலோடு மீண்டும் ஓட்டியாக வேண்டும் என்பது அப்போது உறைக்காது. நாகர்கோவில் சாலையும் கன்னியாகுமரி சாலையும் பிரியும் காவல்கிணறு என்னுடைய எல்லை. புதியவர்களுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள நாங்குநேரியே போதும்.

இரவு 9 மணிக்குக் கிளம்பி நள்ளிரவுக்குள் வீடு சேருங்கள். பின்னிரவு 2 மணிக்கு மேல் உடல் தானாகவே உறக்கத்தில் சாயும். முன்கண்ணாடியை உட்புறமும் துடையுங்கள். படிந்த பிசுக்கில் எதிர் விளக்குகள் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 17 மீட்டர் நகர்கிறது என்பதை மறக்க வேண்டாம். குடித்திருந்தாலோ, அழுகை அடங்காதிருந்தாலோ சாவியைத் தொடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் காரை எடுக்காமல், அருகில் இருப்பவரை எழுப்புங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடிக்கு அப்பால், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று ஒரு கணம் நின்று, தாண்டியதும் மொத்தமாக அறையும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்திருங்கள். அங்கே இருட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னி மின்னி அணையும். அதைப் பார்க்க விரும்பினால் சாலையோர இருளில் நிறுத்தாமல், வெளிச்சமுள்ள டீக்கடையில் நிறுத்துங்கள்.

போகும்போது மனம் எங்கு வேண்டுமானாலும் அலையட்டும். திரும்பும்போது மறுநாள் காலையில் செய்ய வேண்டிய ஒரே ஒரு சிறு வேலையை யோசித்து, வாசலில் காரை நிறுத்தியதும் எழுதிவிடுங்கள். 'கரண்ட் பில் கட்ட வேண்டும்' என்று நான் எழுதிய முதல் தாள் இன்றும் என் காரில் இருக்கிறது.