புளியரை செக்போஸ்ட் மூடினாலும் ஜவுளி வியாபாரம் நடக்க என்ன செய்யலாம்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கல்லாவில் விழுகிற காசில் நல்ல பங்கு மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக் காசு. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்ததுதான்; கொள்வினை கொடுப்பினை இன்னும் விட்டுப் போகவில்லை.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். ரயில் நின்றது, தமிழ்நாடு-கேரள எல்லையான புளியரையில் தடுப்பு விழுந்தது. பிறகு ஆள் நடமாட்டம் மெல்லத் திறந்தபோதும் இந்தப் பக்கம் வர இ-பாஸ், அந்தப் பக்கம் போக கேரள அரசின் ஜாக்ரதா போர்ட்டலில் பதிவு. குற்றாலத்தில் அந்த வருடச் சீசனுக்குக் குளிக்கவும் தடை. ஒரு சேலை வாங்க யார் இவ்வளவு பாடுபடுவார்கள்? சரக்கு லாரி ஓடியது, ஆள்தான் வர முடியவில்லை. அதனால் கடையைப் போனுக்குள் கொண்டு போக வேண்டியதாயிற்று.

கோவிட் போயாச்சு, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்கலாம். கேரளத்தில் 2018, 2021, 2023, 2024 என்று நிபா தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. செய்தி வந்தாலே எல்லையில் காய்ச்சல் பார்க்கிற மேஜை போட்டுவிடுவார்கள். கூட்டம் குறைய அது போதும். ஏற்பாடு கையில் இருக்கட்டும்.

என் கட்சி ஒன்றுதான். வெப்சைட்டில் ஆரம்பிக்காதீர்கள், பற்று நோட்டில் ஆரம்பியுங்கள். 2020 ஊரடங்குச் சமயத்தில் என் கொழுந்தன் மகன் "பெரியம்மா, ஒரு ஆப் போட்டுருவோம்" என்று உயிரை எடுத்தான். ஆப்பைத் திறந்து பார்க்கப்போவது யார் என்று கேட்டேன், பதில் இல்லை. நம்மிடம் ஏற்கெனவே வாங்கியவர், நம் முகம் தெரிந்தவர், அவர்தான் கண்ணால் பார்க்காத சேலைக்குக் காசு அனுப்புவார். அவர் நம்பர் பற்று நோட்டில் இருக்கிறது, கல்யாண ஆர்டர் எழுதின டைரியில் இருக்கிறது, ஜாக்கெட் தைக்கிறவரின் அளவு நோட்டில்கூட இருக்கும்.

முதலில் கடைக்கென்று தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். வீட்டு நம்பரில் வேண்டாம்; சம்பந்தி வீட்டு மெசேஜும் நைட்டி விலையும் ஒரே இடத்தில் குழம்பும். நோட்டில் உள்ள பெயர்களை ஊர் வாரியாகச் சேமியுங்கள்: "புனலூர் - மகள் கல்யாணம் - பட்டு" என்கிற மாதிரி, பெயரோடு என்ன வாங்கினார் என்பதும் வரட்டும். அதன்பின் செய்தி அனுப்பாதீர்கள், போன் பண்ணுங்கள். காரணம் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். "அம்மா, இது கடை நம்பர், சேவ் பண்ணி வையுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படம் படமாக அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. எங்கள் கடையில் ஆரியங்காவிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் வீட்டிலிருந்தபடியே இந்தப் போன்களைப் பேசினாள். மலையாளத்தில் நலம் விசாரித்துவிட்டு அப்புறம் வியாபாரம். சம்பளம் நிறுத்தாமல் கொடுத்தோம். அவள் பேசினது அதற்கு மேல் சம்பாதித்துத் தந்தது.

குரூப் ஆரம்பிக்காதீர்கள். ஒருவருக்குக் குறைத்த விலை இன்னொருவர் கண்ணில் படும், காலையில் எழுந்தால் குட் மார்னிங் பூக்களுக்கு நடுவில் நம் சேலையைத் தேட வேண்டும்.

படம் எடுப்பது

இதில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

கடைக்குள் எடுக்காதீர்கள். டியூப் லைட்டில் மயில்கழுத்து நிறம் கறுப்பாகும், அரக்கு செங்கல் நிறமாகும். எங்கள் வாசல் வடக்குப் பார்த்தது. காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். படியை ஒட்டி ஒரு பெஞ்சு, அதன்மேல் துவைத்த வெள்ளை வேட்டி, அதன்மேல் சேலை. வெள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் போன் காமிரா மற்ற நிறங்களைத் தப்பாமல் காட்டும். பிளாஷ் வேண்டவே வேண்டாம், சரிகை எல்லாம் தகரம் மாதிரி வெளுக்கும். அழகு கூட்டுகிற பில்டரும் வேண்டாம். இன்றைக்குக் கூட்டின நிறம் நாளைக்குத் திரும்பி வரும் பார்சல்.

ஒரு சேலைக்கு நாலு படம். மடிப்போடு முழுசாக ஒன்று. முந்தியை விரித்து ஒன்று. கரையைக் கிட்டத்தில், இஞ்ச் டேப்பை ஒட்டி வைத்து ஒன்று; கரை எத்தனை இஞ்ச் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடும். கடைசியாகத் துணியின் பின்பக்கம். இதை எனக்குச் சொல்லித் தந்தது புனலூர் அம்மா ஒருவர். "சேச்சி, மறுபுறம் ஒந்நு காணிக்காமோ?" (அக்கா, பின்பக்கத்தைக் கொஞ்சம் காட்டுவீர்களா?) என்றார். பின்பக்கத்து நூலைப் பார்த்தால் நெய்த பூவா, மேலே அச்சடித்த பூவா என்று தெரிந்துவிடுமே! கடைக்கு வந்தால் கை தானாகத் திருப்பிப் பார்க்கும். அந்தத் திருப்பலைப் படத்தில் நாம் கொடுக்க வேண்டும். கூடவே சின்ன வீடியோ: துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டுவிடுங்கள், சுருக்கம் எவ்வளவு நிற்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சங்கரன்கோவில் காட்டன் சேலைக்கு இந்த வீடியோ அவசியம். கஞ்சியின் விறைப்பும் தெரியும், மொடமொடவென்ற சத்தமும் கேட்கும்.

படம் சொல்லாததை எழுத்தில் சொல்லுங்கள். கசவு (சரிகைக் கரை) வேட்டியிலும் கேரளப் பெண்கள் இரண்டு துண்டாக உடுத்துகிற செட்டு முண்டிலும் நல்ல சரிகையும் பாலியஸ்டர் சரிகையும் படத்தில் ஒன்றுபோலத்தான் மின்னும். எது என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சாயம் போகும் துணி என்றால் அதையும். ஜாக்கெட் துணி சேலையோடு உண்டா, தனியா என்பதையும்.

ஒவ்வொரு சேலைக்கும் ஒரு நம்பர். நூலில் கட்டின சீட்டில் எழுதி மடிப்பில் தொங்கவிடுங்கள்; குண்டூசி வேண்டாம், துருக் கறை வைக்கும். அதே நம்பர் படத்திலும் தெரியட்டும். "அந்தப் பச்சை" என்று ஆர்டர் எடுத்தால் எந்தப் பச்சை என்று பொழுது விடியும்வரை பேச வேண்டியதுதான். விற்றுப்போனதை அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப் பிசினஸில் சரக்குப் பட்டியல் போடுகிற கேட்டலாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் கேட்டலாக்கில் 500 சரக்கு வரை போடலாம், ஆனால் நாற்பது ஐம்பதுக்கு மேல் யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. ஓணத்துக்கு முந்தின மூன்று வாரம் கசவு சரக்கு மட்டும் மேலே நிற்கட்டும். 2020-இல் திருவோணம் ஆகஸ்ட் 31. நாங்கள் ஆடி கடைசியிலேயே படம் போட ஆரம்பித்துவிட்டோம், பார்சல் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாத நேரம்.

பணம்

ஆர்டரை உறுதி செய்யும்போது நம்பர், விலை, பார்சல் கூலி, மொத்தம் நான்கையும் ஒரே செய்தியில் எழுதி, "ஓகே" வாங்கிவிட்டுத்தான் க்யூ ஆர் அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வாலட், ரூபே கிரெடிட் கார்டு வழியாக வந்தால் கணக்கு வேறு. சாதாரணமாக ஒருவர் ஒரு நாளைக்கு யுபிஐ-யில் ஒரு லட்சம் வரைதான் அனுப்பலாம். கல்யாண ஜவுளிக்கு அது பற்றாது, அதற்கு வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்புகிற நெஃப்ட் சொல்லுங்கள். 2019 டிசம்பரிலிருந்து அது ராத்திரி பகல், ஞாயிறு பண்டிகை எல்லாம் ஓடுகிறது.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பணம் வந்ததா என்று நம் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகுதான் பண்டல் கட்ட வேண்டும். இன்னொன்று, "ராணுவத்தில் இருக்கிறேன், கேம்ப்புக்குப் பெட்ஷீட் மொத்தமாக வேண்டும், காசு அனுப்புகிறேன், இந்தக் க்யூ ஆரை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று போன் வரும். இந்தியில் மிடுக்காகப் பேசுவார்கள், அடையாள அட்டைப் படமும் அனுப்புவார்கள். காசு வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டால் நம் காசு போகப்போகிறது என்று அர்த்தம். இதைக் கல்லாவில் உட்காருகிற எல்லோருக்கும், முக்கியமாக வயசானவர்களுக்கு, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பற்று கொடுக்கலாமா? தெரிந்தவருக்குக் கொடுங்கள், பழக்கத்தை விட முடியாது. ஆனால் கொடுத்த அன்றே தொகையை எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாசக் கடைசியில் கேட்பதற்குக் கூச்சம் இருக்காது.

எல்லையும் வரியும்

இதைப் பலர் கவனிப்பதில்லை. புனலூர்க்காரர் நம் கடைக்கு வந்து கையில் வாங்கிப்போனால் அது தமிழ்நாட்டு விற்பனை. அதே சேலையைப் பார்சலில் புனலூருக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போடக் கூடாது, ஐஜிஎஸ்டி போட வேண்டும். விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கிறது என்று ஜிஎஸ்டி பதிவே எடுக்காத சின்னக் கடைக்கு வெளி மாநிலத்துக்கு அனுப்பும்போது அந்தச் சலுகை கிடையாது. விற்பனைத் தொகையில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வெளி மாநிலத்துக்கு விற்கவே கூடாது. அப்படியானால் முதலில் சாதாரணப் பதிவுக்கு மாறிவிட்டுத்தான் பார்சல் கட்ட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து இன்னொரு சங்கதி: பதிவில்லாத வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் எந்த மாநில முகவரி எழுதுகிறோமோ, விற்பனை அந்த மாநிலத்துக்குத்தான். கவுண்டரில் நின்று வாங்குபவர் பில்லில் பழக்க தோஷத்தில் "புனலூர், கேரளா" என்று எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பண்டலின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு வண்டியில் போவதற்கு ஆன்லைனில் எடுக்கிற இ-வே பில் வேண்டும். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் போட்டுக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், நாமே போட்டு நகலைப் பண்டலோடு கொடுப்பது நல்லது. ஒரு கல்யாண ஆர்டர் சுலபமாக இந்தத் தொகையைத் தாண்டும்.

அனுப்புவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு சேலைக்கு ஸ்பீட் போஸ்ட், மொத்தத்துக்குப் பார்சல் லாரி. மழைக்காலத்தில் மலையில் ஏறுகிற பண்டலுக்கு உள்ளே பாலித்தீன் சுற்றுங்கள். "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் மாற்றித் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாற்றித் தருவது உண்டு என்று சொன்னால்தான் அடுத்த ஆர்டர் வரும்.

வெப்சைட், இன்ஸ்டாகிராம், பெரிய ஆன்லைன் சந்தைகள் எல்லாம் இதற்கு அப்புறம். சந்தையில் கமிஷன் போக, திரும்பி வரும் சரக்கின் கூலியும் நம் தலையில். ஆனால் கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது இலவசம், அதைத் தள்ளிப்போடாதீர்கள். திறக்கும் நேரம் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் இப்போது அதைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், 2020 ஜூலையிலிருந்து ஆன்லைனில் நாமே போடலாம். காசு கேட்பவர் இடைத்தரகர். நம் கடை வாசலில் கைக்குட்டை, உள்ளாடை விற்கிற பிளாட்பாரக் கடைக்காரர்களுக்கும் ஒரு வழி 2020 ஜூனில் வந்தது: பிஎம் ஸ்வநிதி, அப்போது முதல் தவணையாக 10,000 ரூபாய்க் கடன், க்யூ ஆரில் காசு வாங்கினால் மாதம் 100 ரூபாய் வரை திரும்பக் கிடைத்தது. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவோம்?

கடைசியாக, அந்தப் போன். இப்போது அதுதான் பற்று நோட்டு, கேட்டலாக், கல்லா எல்லாம். யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஆளாளுக்குப் பதில் சொன்னால் ஒரே சேலை இரண்டு பேருக்குப் போகும். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டப் பாதுகாப்புக்கான ஆறு இலக்கப் பின்னைப் போட்டு வையுங்கள். போனுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வாரம் ஒருமுறை பேக்கப் எடுங்கள். சிம்மை வேலைக்காரர் பெயரில் வாங்காதீர்கள், முதலாளி பெயரில் இருக்கட்டும். கடை மூடிக் கிடக்கிற நாளிலும் ரீசார்ஜை விடாதீர்கள். மூன்று மாதம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் கம்பெனி அந்த நம்பரைத் துண்டித்து, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.