பேரிடர் ரோபோ வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: திரும்பி வரும் வழியையும் யோசியுங்கள்

இடிந்த கட்டடத்துக்குள் ரோபோ எப்படிப் போகும் என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் குறைவு. உள்ளே போக ஒரே ஒரு சந்துதான் இருக்கிறது, அதில் ரோபோ படுத்துவிட்டது என்றால், அடுத்து நுழைய வேண்டிய மீட்புப் பணியாளருக்கு அதுவே தடை. நான் பார்த்தவரை, வடிவமைப்புத் தவறுகளில் பாதி இந்த ஒரு கேள்வியை விட்டுவிடுவதால் வருகிறது.

கேபிளை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் கம்பியும் ரேடியோ அலையை விழுங்கிவிடும். அதனால் கேபிள் வைப்பது நல்ல முடிவுதான். ஆனால் சுருளை வாசலில் வைத்துவிட்டு ரோபோவை இழுத்துக்கொண்டு போகவிட்டால் கதை முடிந்தது. ஒவ்வொரு மூலையில் திரும்பும்போதும் இழுவிசை மடங்கு மடங்காக ஏறும். நாலு திருப்பம் தாண்டினால் மோட்டாருக்குத் தெம்பிருக்காது. சுருளை ரோபோவின் முதுகிலேயே ஏற்றி, போகப்போகக் கேபிளைத் தரையில் விட்டுச் செல்ல வேண்டும். சரி, திரும்பும்போது? விட்டதைச் சுருட்டிக்கொண்டே வராவிட்டால், தன் கேபிள்மீது தானே ஏறிச் சிக்கிக்கொள்ளும்.

2011 அக்டோபரில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் 2-ஆம் அலகில், ஜப்பானின் குயின்ஸ் ரோபோ கேபிள் கோளாறால்தான் தொடர்பை இழந்தது. அதை மூன்றாம் தளத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஜூனிலும் அதற்கு ஒரு சோதனை. அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் திருப்பம் எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக இருந்ததால் இறங்க முடியவில்லை. கைக்கு வந்த அளவுகளை நம்பி, ரோபோ உடம்பின் அகலத்தை வழியின் கடைசிச் சென்டிமீட்டர்வரை நீட்டாதீர்கள். இடிபாட்டில் எந்த வரைபடமும் செல்லாது.

அடுத்தது மனித உருவ மோகம். 2015-இல் அமெரிக்காவின் பொமோனாவில் நடந்த டார்ப்பா ரோபோட்டிக்ஸ் சேலஞ்ச் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு நடத்திய பேரிடர் ரோபோ போட்டி) இறுதிச் சுற்றில் கதவு, வால்வு, படிக்கட்டு என்று 8 வேலைகள். கெடு ஒரு மணி நேரம். கதவைத் திறக்கப் போய்த் தரையில் விழுந்த ரோபோக்களின் காட்சிகள் இன்றும் சிரிக்க வைக்கின்றன. 44 நிமிடம் 28 விநாடியில் முடித்து வென்றது தென்கொரியாவின் கைஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹூபோ ரோபோ. அதற்கும் இரண்டு கால்தான்; ஆனால் சமதரையில் மண்டியிட்டு, முழங்காலில் உள்ள சக்கரங்களால் உருண்டு போகும். நடப்பது கௌரவம் என்று அதன் வடிவமைப்பாளர்கள் நினைக்கவில்லை. விழாத ரோபோவைச் செய்ய முயல்வதைவிட, விழுந்தால் தானாகப் புரண்டு எழும் ரோபோவைச் செய்வது உருப்படியான வேலை.

தண்ணீர், தூசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கத்துக்குள் போன ராணுவ ரோபோ தண்ணீர் பட்டே நின்றது. இன்னொன்று: வெள்ளச் சேற்றிலும் சாக்கடையிலும் புரண்டு வந்ததைக் குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவ முடியவேண்டும்.

பலர் கடைசியாக நினைப்பது, வெளியே ரிமோட்டோடு நிற்கும் மனிதரை. அவர் கையில் தடித்த உறை. தொடுதிரை அவருக்கு வேலை செய்யாது. வெயிலில் திரை கண்ணாடிபோல் மின்னும். ரோபோவின் கேமரா வழியே பார்ப்பது மூங்கில் குழாய் வழியே பார்ப்பதுபோல. முன்னால் இருப்பது தெரியும், பக்கத்தில் இடிப்பது தெரியாது. ரோபோவின் உடம்பும் சேர்ந்து தெரியும்படி பின்னால் உயரத்தில் ஒரு கேமரா வைத்தால் பாதித் தொல்லை தீரும். ஓட்டுவதற்கு ஒருவர், படத்தில் ஆள் தெரிகிறதா என்று தேட இன்னொருவர் என்று இரண்டு பேருக்கான திரைகளையும் முதலிலேயே திட்டமிடுங்கள்.

பரிசோதனையின்போது ரோபோவைச் செய்தவரே ஓட்டினால் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். அதை இதுவரை பார்த்திராத ஒரு தீயணைப்பு வீரரிடம் ரிமோட்டைக் கொடுங்கள். விளக்கு அணைத்த, புகை நிரப்பிய அறை. நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் எந்தப் பொத்தானை முதலில் தவறாக அழுத்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.