சிங்கப்பூர் எந்த மாசம் போகலாம்?

சீசன் பாத்து டிக்கெட் போடலாம்னு இருந்தீங்கன்னா முதல்ல ஒண்ணு, அங்க வருஷம் முழுக்க வெயிலும் மழையும் தான், பகல்ல 31, 32 டிகிரி, வேர்த்து ஊத்தும், அதனால மழை எப்போ கம்மின்னு மட்டும் பாருங்க. என் ஓட்டு பிப்ரவரிக்கு. வடகிழக்கு பருவமழை டிசம்பர், ஜனவரில கொட்டி தீத்துட்டு அப்புறம் காத்து மட்டும் அடிக்கும். ஆனா சீனப் புத்தாண்டு தேதிய காலண்டர்ல பாத்துக்கோங்க, நிறைய கடை மூடிருவாங்க (லிட்டில் இந்தியால இருக்கிற தேக்கா பக்கம் சாப்பாட்டுக்கு பஞ்சமில்ல).

ஏப்ரல், மே புழுக்கம், வேணாம். மதியத்துக்கு மேல இடியோட மழை வேற, ஆனா பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல விட்டுரும், அதனால பொட்டானிக் கார்டன் மாதிரி இடமெல்லாம் காலையிலயே முடிச்சிட்டு மதியம் மியூசியம், மால்னு ஒதுங்கிருங்க. ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சில வருஷம் இந்தோனேசியா காட்டுத்தீ புகை வந்து சூழ்ந்துக்கும், 2015ல ஸ்கூலுக்கே லீவு விட்டாங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க தவிர்க்கிறது நல்லது. சிராங்கூன் ரோடு தீபாவளி லைட் பாக்கணும்னா தீபாவளி தேதிய ஒட்டி அக்டோபர், நவம்பர்ல குடையோட போங்க.