மடகாஸ்கரில் டாக்ஸி-புரூஸ் பிடிப்பது எப்படி?

மடகாஸ்கரில் ஊர்விட்டு ஊர் போக டாக்ஸி-புரூஸ்தான். பேர் டாக்ஸி, பார்க்க வேன். கால அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். இது தெரியாமல், தலைநகர் அண்டனானரீவோவில் காலை ஏழு மணி வண்டி என்று டிக்கெட் வாங்கி மதியம் ஒன்றரை வரை காத்துக்கிடந்தேன்.

தலைநகரில் திசைக்கு ஒரு ஸ்டாண்ட். எது என்று தங்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலமே போய்ச் சீட்டைப் பதிந்துவிடுங்கள்.

உள்ளே கால் வைத்ததுமே ஆட்கள் பையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒரே சீட்தான்" என்பார்கள். வண்டிக்குள் ஆள் இருக்கிறதே என்று நானும் நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதில் நாலு பேர் இறங்கிப் போய்விட்டார்கள், வழியனுப்ப வந்தவர்களாம். அதனால் வண்டியைப் பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள். டிக்கெட் கொடுக்குமிடத்தில் ஒரு நோட்டு இருக்கும், அதில் வண்டிக்கு ஒரு பக்கம், சீட்டுக்கு ஒரு கட்டம், பதிந்தவர் பெயர் அந்தந்தக் கட்டத்தில். காட்டச் சொன்னால் காட்டுவார்கள். காலிக் கட்டம் மூன்று நான்குக்குமேல் இருந்தால் அடுத்த கம்பெனியில் கேளுங்கள். உங்கள் பெயரைக் கட்டத்தில் எழுதிய பிறகுதான் பணம். டிரைவருக்கு அடுத்த நடு சீட் வேண்டாம், வழியெல்லாம் முழங்காலில் கியர் இடிக்கும்.

விலை கேட்கும்போது "அரியாரியா, ஃபிராங்கா?" என்று கேட்டுவிடுங்கள். 2005 முதல் அரியாரிதான் நாணயம் என்றாலும் கிராமச் சந்தைகளில் பழைய ஃபிராங்கில் சொல்கிறவர்கள் உண்டு. 5 ஃபிராங்க் 1 அரியாரி, ஆக 50,000 என்று சொன்னது வெறும் 10,000 அரியாரியாக இருக்கலாம்.

பை கூரைமேல் போகும். தார்ப்பாய் போட்டுக் கட்டினாலும் செம்மண் புழுதி உள்ளே இறங்கிவிடும். மழை உறையைவிட எனக்கு அரிசிச் சாக்குதான் பிடித்தது, பையை அப்படியே உள்ளே போட்டு வாயைத் தைத்துவிடலாம். போனில் ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், வழியில் சிக்னலை நம்ப முடியாது.

பகல் வண்டியே பிடியுங்கள். தலைநகரிலிருந்து ஃபியனாரந்த்சோவா நகரம் சுமார் 400 கி.மீ.தான், ஆனால் ஒரு முழுப் பகல் போய்விடும், இரவில் சில சாலைகளில் கொள்ளையர் பயமும் உண்டு. சாப்பாட்டுக்கு நிறுத்தும் கடைகளில் ரனுவூலா கேளுங்கள். சோறு அடிப்பிடித்த பானையிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தது, தீய்ந்த சோற்று வாசனையோடு வெதுவெதுப்பாக வரும். கொதித்த தண்ணீர் என்பதால் வயிற்றுக்கும் பயமில்லை.

பிற்சேர்க்கை: வடகிழக்கில் மரோவான்த்செட்ராவுக்கும் இப்படியே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வழியில் வரும் சுவானியரானா இவோங்கோ என்ற ஊரைத் தாண்டினால் இந்த வேனை நம்ப முடியாது. சேறும் மணலுமான பாதை, ஆறுகளை மிதவையில் கடக்கவேண்டும், ஃபோர்-வீல் டிரைவ் வண்டிதான் தாங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். அப்போது யாராவது கடல்வழியாகப் படகில் கூட்டிப்போகிறேன் என்றால் தயவுசெய்து ஏறாதீர்கள்.