விசுவாசியாக இருந்துகொண்டு தத்துவம் பயில்வது எப்படி

தத்துவம் படித்தால் விசுவாசம் குலைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும், விசுவாசம் உள்ளவரால் தத்துவத்தை நேர்மையாகப் படிக்க முடியாது என்று கருதுகிறவர்களும் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தாலும் ஒரே எண்ணத்திலிருந்துதான் புறப்படுகிறார்கள். தத்துவமும் விசுவாசமும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன, ஆகவே ஒன்று வென்றால் மற்றது தோற்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். கிறிஸ்தவச் சிந்தனையின் வரலாற்றைப் பொறுமையாகப் படித்தவர்கள் இதை எளிதில் ஏற்கமாட்டார்கள். சில கேள்விகளில் இரண்டும் ஒரே வழியில் நடக்கின்றன. சிலவற்றில் தத்துவம் ஓர் எல்லை வரை வந்து நின்றுவிடுகிறது. சிலவற்றில் உண்மையாகவே மோதல் இருக்கிறது. எந்தக் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறியப் பழகுவதுதான் இந்தப் படிப்பில் முதன்மையான திறன். அதைப் பழகும் வழியையே இங்கே எழுதுகிறேன்.

புகழ்பெற்ற வரிகளை அவற்றின் இடத்தில் வைத்துப் படியுங்கள்

தத்துவத்துக்கு எதிராக வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் வேதவசனம் கொலோசெயர் 2:8. லௌகிக ஞானத்தினாலும் மாயமான தந்திரத்தினாலும் ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்று பவுல் அதில் எழுதுகிறார். ஆனால் அவர் எச்சரிக்கிற ஞானம் எத்தகையது என்பதையும் அதே வசனமே சொல்லிவிடுகிறது: மனிதருடைய பாரம்பரியத்தைப் பற்றிக்கொண்டு கிறிஸ்துவைப் பற்றாத ஞானம் அது. அந்த வசனத்தைப் படிக்கிற அன்றே அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். அங்கே பவுல் ஏதென்சில் அக்காலத்துக் கிரேக்கத் தத்துவப் பள்ளிகளைச் சேர்ந்த எப்பிக்கூரரோடும் ஸ்தோயிக்கரோடும் விவாதிக்கிறார். மார்ஸ் மேடையில் நின்று, "நாம் அவருடைய சந்ததியார்" என்று கிரேக்கப் புலவர் ஒருவரின் வரியையே சான்றாகச் சொல்கிறார். கேட்டவர்களில் சிலர் உயிர்த்தெழுதல் என்றதும் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு முறை கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி உள்ளிட்ட சிலர் விசுவாசித்தார்கள். தத்துவமும் சுவிசேஷமும் சந்திக்கும்போது நிகழக்கூடிய மூன்று விளைவுகளும் அந்த ஒரே காட்சியில் இருக்கின்றன.

ஆதித் திருச்சபையின் எழுத்தாளரான தெர்த்துல்லியனின் "ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வியையும் இப்படியே அணுக வேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பிய அதே மனிதர்தான், ஆத்துமாவைப் பற்றி எழுதும்போது அது ஒருவகை உடல்தன்மை கொண்டது என்ற ஸ்தோயிக்கரின் கருத்தை எடுத்தாண்டார். ஸ்தோயிக்கத் தத்துவவாதியான செனெக்காவை "பல வேளைகளில் நம்மவர்" என்றும் குறிப்பிட்டார். ஒருவர் தத்துவத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதோடு நின்றுவிடாமல், தம் எழுத்தில் அதை எப்படிக் கையாள்கிறார் என்றும் பார்க்கப் பழகுங்கள். எனக்குத் தெரிந்தவரை, தத்துவத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு நீண்ட விவாதம் எதையும் நடத்திய கிறிஸ்தவ எழுத்தாளர் இல்லை. ஒதுக்குவதற்கான நியாயத்தைச் சொல்லத் தொடங்கும்போதே அவரும் தத்துவத்துக்குள் வந்துவிடுகிறார்.

ஒவ்வொரு கூற்றும் எதன்மேல் நிற்கிறது என்று கேளுங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கும் அதிகாரத்தில் வருகிற முக்கியமான கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுதி, அது பகுத்தறிவால் நிறுவக்கூடியதா, கடவுள் தாமே வெளிப்படுத்தியதால், அதாவது வெளிப்பாட்டினால், மட்டுமே அறியக்கூடியதா, அல்லது பகுத்தறிவு ஆதரிக்கவோ மறுக்கவோ முடியாமல் திறந்து விடுகிறதா என்று பக்கத்தில் குறியுங்கள். தொடக்கத்தில் இது பள்ளிக்கூடப் பயிற்சிபோலத் தோன்றலாம். ஆனால் பல சர்ச்சைகள் இந்தக் குறிப்பைப் போடாததால்தான் முளைக்கின்றன.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) உலகத்தின் தொடக்கத்தைப் பற்றி எழுதிய பகுதி. உலகம் என்றென்றும் இருந்துவருகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பது கிறிஸ்தவ விசுவாசம். அரிஸ்டாட்டிலைத் தர்க்கத்தால் வீழ்த்த முயல்வதே அக்காலத்து இறையியலாளர் ஒருவருக்கு இயல்பாக இருந்திருக்கும். அக்குவினாஸின் சமகாலத்தவரான பொனவெந்தூரா அதைத்தான் செய்தார்: முடிவில்லாத கடந்த காலத்தைக் கடந்து இன்றைய நாளுக்கு வந்துசேர முடியாது, எனவே உலகம் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அக்குவினாஸ் அந்த வழியில் போகவில்லை. உலகம் என்றென்றும் இருந்தது என்று நிறுவவும் முடியாது, அது தொடங்கியது என்று நிறுவவும் முடியாது. தொடங்கியது என்பதை விசுவாசத்தால் மட்டுமே பற்றிக்கொள்கிறோம் என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையையும் வைத்தார். விசுவாசத்துக்குரிய ஒன்றை வலுவற்ற வாதங்களால் நிறுவ முயன்றால், இத்தகைய காரணங்களுக்காகத்தான் நாம் விசுவாசிக்கிறோம் என்று நம்பாதவர்கள் எண்ணி நகைப்பார்கள் என்பதே அது.

இதில் கவனிக்க வேண்டியது, அக்குவினாஸ் தமக்குச் சாதகமான ஒரு வாதத்தையே ஒதுக்கிவைத்தார் என்பது. முடிவு உண்மை என்று உறுதியாக நம்பிய ஒருவர், அந்த முடிவுக்குக் கொண்டுசெல்லும் மோசமான பாதையை மறுத்தார். விசுவாசம் அறிவு நேர்மையைக் குறைத்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பகுதியைத்தான் நான் காட்டுவேன். பொனவெந்தூராவின் வாதத்துக்கு இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். யார் சொன்னது சரி என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள், அதுவும் பயிற்சியே.

எதிர்வாதத்தை முதலில் எழுதுங்கள்

கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அக்குவினாஸ் தரும் ஐந்து வழிகள், அதாவது ஐந்து வாதங்கள், பலருக்குத் தெரியும். அவற்றுக்கு முன்னால் அவர் இரண்டு மறுப்புகளை எழுதிவைத்திருப்பது பலருக்குத் தெரியாது. முதல் மறுப்பு: கடவுள் எல்லையற்ற நன்மை என்றால் தீமைக்கு இடமே இருக்கக்கூடாது, ஆனால் உலகில் தீமை இருக்கிறது. இரண்டாவது: உலகில் காணப்படுகிற அனைத்தையும் இயற்கையாலும் மனித அறிவாலும் விருப்பத்தாலும் விளக்கிவிடலாம், ஆகவே கடவுள் தேவைப்படவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாத்திகத்தின் பக்கம் பேசுவோர் பெரும்பாலும் இவ்விரண்டையே விரித்துச் சொல்கிறார்கள்.

நீங்களும் இதையே செய்யுங்கள். எந்தக் கேள்வியிலும், உங்கள் நிலைப்பாட்டை எழுதும் முன், அதற்கு எதிரானதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். எதிர்த்தரப்பினர் அதைப் படித்தால், ஆம், நாங்கள் சொல்வது இதுதான் என்று ஏற்கும்படி இருக்க வேண்டும். அதற்கு மறுப்பு நூல்களில் காணப்படும் சுருக்கங்கள் போதாது. உலகின் ஒழுங்கு அதை வடிவமைத்த ஒருவரைக் காட்டுகிறது என்ற வடிவமைப்பு வாதத்துக்கு எதிரான வாதங்களை அறிய, தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்த பிறகு 1779-இல் வெளியான உரையாடல்களை நேரடியாகப் படியுங்கள். அதில் வடிவமைப்பை ஆதரிக்கும் பாத்திரத்துக்கும் ஹியூம் நியாயமான இடம் தந்திருக்கிறார்.

தீமை பற்றிய கேள்வியில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். 1955-இல் தத்துவவாதி ஜே. எல். மேக்கி, எல்லாம் வல்ல, முற்றிலும் நல்ல கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பது தர்க்க முரண் என்று வாதிட்டார். 1970-களில் கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா, மனிதனின் சுயாதீன விருப்பத்தை அடிப்படையாக வைத்து, அதில் முரண் இல்லை என்று காட்ட முயன்றார். தத்துவத் துறையில் அந்த விடை பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆனால் அது முரண்பாட்டுக் குற்றச்சாட்டுக்கு மட்டுமே விடை. இவ்வளவு தீமை ஏன், இந்தக் குழந்தைக்கு ஏன் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. பிள்ளையை இழந்த பெற்றோரிடம் போய் இந்த வாதத்தைச் சொல்வது தத்துவத்துக்கும் தீங்கு, விசுவாசத்துக்கும் தீங்கு. யோபின் நண்பர்கள் கடவுளுக்காகத்தான் வாதாடினார்கள். ஆனால் கடைசியில் கடவுள் கோபங்கொண்டது அவர்கள்மேல், தம்மிடம் வழக்காடிய யோபின்மேல் அல்ல.

ஒரு வாதம் வீழ்ந்தால் என்ன வீழ்கிறது என்று அளந்து பாருங்கள்

புதிதாகப் படிக்கிறவர்களைக் கலங்கவைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். தாங்கள் நம்பியிருந்த ஒரு வாதம் மறுக்கப்பட்டதும் விசுவாசமே மறுக்கப்பட்டதாக நினைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இடைக்காலத் துறவியும் இறையியலாளருமான அன்செல்மின் 'புரோஸ்லோகியன்' என்ற சிறு நூலைப் பரிந்துரைப்பேன். ஏறத்தாழ 1077–78-இல் எழுதப்பட்ட அந்நூலில் 26 சிறு அதிகாரங்களே உள்ளன. முதல் அதிகாரத்தின் பெரும்பகுதி ஜெபம். கடவுளைத் தேடக் கற்றுத்தரும்படி அவரிடமே அன்செல்ம் மன்றாடுகிறார். இரண்டாம் அதிகாரத்தில் அந்தப் புகழ்பெற்ற வாதம் வருகிறது: எதைவிடப் பெரிதான ஒன்றை எண்ண முடியாதோ அது மனதில் மட்டும் இருந்தால், உண்மையிலும் இருப்பதாக அதைவிடப் பெரிதான ஒன்றை எண்ணிவிடலாம், ஆகவே அது உண்மையிலும் இருந்தாக வேண்டும்.

இந்த வாதத்தை முதலில் மறுத்தவர் நாத்திகர் அல்லர். கௌனிலோ என்ற துறவி அவர். இதே முறையில், எதைவிடச் சிறந்த தீவை எண்ண முடியாதோ அந்தத் தீவும் எங்கோ கடலில் இருக்கிறது என்று நிறுவிவிடலாமே என்று அவர் கேட்டார். அன்செல்ம் சினங்கொள்ளவில்லை; பதில் எழுதியதோடு, கௌனிலோவின் மறுப்பையும் தம் பதிலையும் நூலோடு சேர்த்தே படியெடுக்க வேண்டும் என்று விரும்பினார். பிற்காலத்தில் அக்குவினாஸும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. 1781-இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் வேறொரு கோணத்திலிருந்து அதைத் தாக்கினார். கௌனிலோ மறுத்த பின்பும் துறவியாகவே இருந்தார் என்பதை மனதில் வையுங்கள். அவர் ஒரு வாதத்தை மறுத்தார், கடவுளை மறுக்கவில்லை. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு மறுப்புக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

மறுபக்கமும் அளக்கப்பட வேண்டும். ஒரு வாதம் வெற்றி பெற்றால் அது சரியாக எதை நிறுவியது? எல்லா இயக்கத்துக்கும் மூலமான முதல் இயக்கி ஒன்று உண்டு என்று நிறுவியவர், ஆபிரகாமை அழைத்தவரை, இயேசு பிதாவே என்று அழைத்தவரை இன்னும் எட்டிவிடவில்லை. பிரெஞ்சு கணித மேதையும் சிந்தனையாளருமான பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவில் தமக்கு நேர்ந்த அனுபவத்தைக் குறித்து எழுதிய தாளில், "ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவவாதிகளுடையவரும் அறிஞர்களுடையவரும் அல்லர்" என்று எழுதினார், தம் மேலாடைக்குள் தைத்து வைத்திருந்த அந்தத் தாள் அவர் இறந்த பிறகே கிடைத்தது. ஆதித் திருச்சபையின் இறையியலாளரான அகுஸ்தீன் இதையே அமைதியான நடையில் சொல்கிறார். ஆதியிலே வார்த்தை இருந்தது என்ற பொருளை பிளேட்டோவைப் பின்பற்றியவர்களின் நூல்களில் கண்டேன், அந்த வார்த்தை மாம்சமானார் என்பதை அங்கே காணவில்லை என்று 'அறிக்கைகள்' நூலின் ஏழாம் பகுதியில் எழுதுகிறார். தத்துவம் அவரை எவ்வளவு தூரம் கொண்டுவந்தது, எங்கே விட்டது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்னவர் இல்லை என்பேன்.

உங்கள் திருச்சபை எங்கே நிற்கிறது என்று அறியுங்கள்

இந்தக் கேள்வியில் எல்லாச் சபைகளும் ஒரே நிலையில் இல்லை. படைப்புகளிலிருந்து, பகுத்தறிவின் இயல்பான ஒளியால் கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. சீர்திருத்த மரபைச் சேர்ந்த இறையியலாளர் கார்ல் பார்த், சக இறையியலாளர் எமில் புரூன்னருக்கு 1934-இல் எழுதிய மறுப்பில், இப்படிப் படைப்பிலிருந்து கடவுளை அறிய முயலும் இயற்கை இறையியலுக்கே "இல்லை" என்று சொன்னார். உங்கள் மரபின் நிலையை முதலில் அதன் சொந்த ஆவணங்களிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். பிறகு மற்றதைப் படியுங்கள்.

விடை கிடைக்காதபோது

விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று நிச்சயம் வரும். அப்போது இரண்டு அவசரங்களைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, கிடைத்த முதல் பதிலால் கேள்வியை மூடிவிடுவது. மற்றொன்று, இன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்பதிலிருந்து பதிலே இல்லை என்று முடிவு கட்டிவிடுவது. அகுஸ்தீன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், ஒளியும் இருளும் ஆகிய இரு மூலங்களை நம்பிய மானிக்கேயர் என்ற சமயக் குழுவினரோடு இருந்தார். தம் சந்தேகங்களை எல்லாம் தீர்த்துவைப்பார் என்று காத்திருந்த அவர்களுடைய ஆசிரியர் ஃபாவுஸ்துஸ், வானியல் பற்றிய கேள்விகளுக்குத் தமக்கு விடை தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பதிலால் மானிக்கேயக் கொள்கையின்மேல் அகுஸ்தீனுக்கு இருந்த ஈடுபாடு தளர்ந்தது, ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதர்மேல் மதிப்பு கூடியது.

விடை கிடைக்காத கேள்வியைக் குறிப்பேட்டில் தனிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதுங்கள். எந்த வகையான பதில் வந்தால் நிறைவடைவீர்கள் என்பதையும், அடுத்து யாரைப் படிக்கலாம் என்பதையும் கீழே எழுதுங்கள். உங்களோடு உடன்படாத ஒருவரிடம், முடிந்தால் விசுவாசம் இல்லாத ஒருவரிடம், அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதியது இத்தகைய உரையாடலுக்கும் பொருந்தும். சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கத்துக்குத் திரும்பி, கேள்வியையே இப்போது வேறு விதமாக எழுதுவீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்.