ஆங்கிலத்தில் தூரமும் நேரமும்: எங்கிருந்து அளக்கிறீர்கள்?

"பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது", "ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தேன்" என்று தமிழில் யோசிக்காமலே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொல்ல வரும்போதுதான் அகோவா பிஃபோரா, ஃபாரா அவேயா என்று தடுமாற்றம். நீளமான விதிப்பட்டியல் எதுவும் வேண்டாம், எங்கிருந்து அளக்கிறோம் என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி அதுதான். இந்த இடத்திலிருந்தா, இந்த நிமிஷத்திலிருந்தா, இல்லை வேறொரு இடம், வேறொரு நாளிலிருந்தா என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி, தூரம். கேட்கும்போது 'ஹவ் ஃபார் இஸ் இட்?' சரி. ஆனால் பதிலில் எண் வந்துவிட்டால் ஃபார் கூடாது, அவே போட வேண்டும்: 'இட் இஸ் டென் கிலோமீட்டர்ஸ் அவே'. 'டென் கிலோமீட்டர்ஸ் ஃபார்' என்று நம்மில் பலர் சொல்வது தவறு. வேறோர் இடத்திலிருந்து அளந்தால் 'டென் கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் தி ஸ்டேஷன்'. எண் சொல்லாமல் ரொம்ப தூரம் என்றால் 'இட் இஸ் எ லாங் வே', தூரமில்லை என்றால் 'இட் இஸ் நாட் ஃபார்'.

மூன்றாம் படி, கடந்த காலம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போங்கள், ஏனென்றால் தமிழில் 'முன்னால்' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் பிரித்துக்கொள்கின்றன. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அகோ: 'ஐ ஜாயின்ட் டூ இயர்ஸ் அகோ'. வேறொரு நாளிலிருந்து எண்ணினால் பிஃபோர். ஒருவருக்கு 2019-ல் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது 'டூ இயர்ஸ் பிஃபோர் தட்' என்றால் 2017. அங்கே அகோ போட்டால் இன்றைக்கு ரெண்டு வருஷம் முன்பு என்று ஆகி, கதையே மாறிவிடும். அப்புறம், அகோவோடு 'ஐ ஹேவ் ஜாயின்ட்' ஒட்டாது, 'ஐ ஜாயின்ட்' போதும்.

நான்காம் படி, வரப்போகும் நேரம். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்பதற்கு நமக்கு ஆஃப்டர்தான் முதலில் வாயில் வரும், ஆனால் இப்போதிலிருந்து எண்ணுவதால் இன் தான் பொருத்தம்: 'ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்'. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ஆஃப்டர் நன்றாகவே பொருந்தும்: 'ஹீ லெஃப்ட் ஆஃப்டர் டென் மினிட்ஸ்'. இன்னுக்குப் பதில் விதின் சொன்னால் பத்து நிமிஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று அர்த்தம், அதனால் வாக்குக் கொடுக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த நாலும் பழகிய பிறகு தூரத்தையும் நேரத்தையும் கலந்து பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 'தி ஸ்டேஷன் இஸ் டென் மினிட்ஸ் அவே' என்று தூரத்தை நிமிஷத்தில் சொல்லலாம், 'தி எக்ஸாம் இஸ் டூ வீக்ஸ் அவே' என்று நாளையும் தூரம் போலச் சொல்லலாம். 'எ டென் மினிட் வாக்' என்னும்போது மட்டும் மினிட்டோடு 'ஸ்' சேர்க்காதீர்கள்.

இப்போது இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: மூணு நாள் முன்னால் வந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கிளம்புவேன். ஆஸ்பத்திரி இங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர்.