டர்போ என்ஜினுக்கு வால்வு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ காரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வால்வு தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் பெரிதாகப் போடலாம்?" என்பதைத்தான். டர்போ இல்லாத என்ஜினுக்கு இது நியாயமான கேள்வி. அங்கே காற்று தானாக உள்ளே வர வேண்டும். வாசல் அகலமாக இருந்தால் வரத்து கூடும். டர்போ என்ஜினில் காற்றை அழுத்தித் திணிக்கிறோம். வாசல் கொஞ்சம் குறுகலாக இருந்தாலும் அந்த அழுத்தம், அதாவது பூஸ்ட், சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது சூடு. அதனால் எந்த வால்வைக் கையில் எடுத்தாலும், இதன் தலையில் ஏறும் சூடு எந்த வழியாக இறங்கும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இறங்க இரண்டே வழிகள். வால்வு மூடியிருக்கும்போது அதன் விளிம்பு ஹெட்டிலுள்ள சீட் என்ற வளையத்தில் உட்கார்ந்து, ஏறக்குறைய முக்கால் பங்குச் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. மீதி தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகிறது. என்ஜின் 8,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4,000 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சீட்டில் உட்காரக் கிடைப்பது விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம். இன்லெட் வால்வுக்காவது புதிய காற்று விசிறிவிடுகிறது. எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் 1989இல் வந்த ஆர்பி26 என்ஜினை எடுத்துக்கொள்வோம். 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு, இரட்டை டர்போ. காகிதத்தில் 280 குதிரைத்திறன். இன்று அதை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றி ஓட்டுபவர்கள் உண்டு. இதன் எக்ஸாஸ்ட் வால்வுகள் தொழிற்சாலையிலேயே தண்டு குடையப்பட்டு, உள்ளே சோடியம் அடைக்கப்பட்டவை. சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். முற்றிய தேங்காயைக் காதருகே குலுக்கினால் நீர் அலம்புமே, அதுபோல உருகிய சோடியம் தண்டுக்குள் மேலும் கீழும் அடித்து, தலையின் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் கைடு பக்கம் கொட்டுகிறது.

இதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் கெட்டித் தண்டு ஸ்டெயின்லெஸ் வால்வைப் போட்டு, காரைத் தரம் உயர்த்திவிட்டோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சூட்டைப் பொறுத்தவரை அது ஒரு படி இறக்கம். அதற்காகப் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. முப்பது வருடம் ஓடிய குடைந்த தண்டை நம்பிப் பூஸ்ட்டை ஏற்றுவதும் ஆபத்துதான். தலை பிய்ந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஹெட், டர்போ என்று வரிசையாகப் போகும். மாற்றுவதானால், சூட்டில் காய்ந்தாலும் பலம் இழக்காத உலோகத்துக்கு மாற வேண்டும்.

இன்கோனல் வருவது இந்த இடத்தில். நிக்கல் மிகுந்த கலவை இது. இன்கோனல் வால்வு குளிர்ச்சியாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஓடாது. சூட்டைக் கடத்துவதில் அது ஸ்டெயின்லெஸ்ஸை விடக் கெட்டிக்காரன் அல்ல. எடையும் சற்றுக் கூடுதல். செக்கச்சிவக்கக் காய்ந்த பிறகும் நீளாமல் வளையாமல் நிற்கும், அதற்குத்தான் அந்த விலை. பந்தயப் பாதையில் நெடுநேரம் முழு ஆக்சிலரேட்டரில் நிற்கும் காருக்கும், ஆன்டி-லேக் (ஆக்சிலரேட்டரை விட்டாலும் டர்போவைச் சுழல வைக்கும் ஏற்பாடு) வைத்த காருக்கும் அது தேவை. 1 பாரை (பார் என்பது அழுத்த அலகு) ஒட்டிய பூஸ்ட்டில் வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் காருக்கு 21-4என் என்ற ஸ்டெயின்லெஸ் எக்ஸாஸ்ட் வால்வு போதும். 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே நைட்ரஜன். பெயரிலேயே சமையல் குறிப்பு இருக்கிறது. இன்லெட் பக்கத்துக்கும் இன்கோனல் கேட்பவர்கள் காசைக் கரியாக்குகிறார்கள்.

டப்பாவில் 'சூப்பர் அலாய்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து எக்ஸாஸ்ட் வால்வின் தலையில் வையுங்கள். 21-4என், இன்கோனல் இரண்டிலுமே ஒட்டாது. அப்படியே தண்டு வழியாக இழுத்துக்கொண்டு போனால், சில வால்வுகளில் பாதி வழியில் டக்கென்று பிடித்துக்கொள்ளும். போலி என்று பதற வேண்டாம். தலைக்கு ஒரு உலோகம், தண்டுக்குத் தேய்மானம் தாங்கும் வேறோர் எஃகு என்று இரண்டையும் சுழற்றி உரசிப் பற்றவைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டு கைடுக்குள் அமைந்தால் சரி. தலையிலேயே காந்தம் ஒட்டினால் அது உங்கள் எக்ஸாஸ்ட்டுக்கு ஆகாது. ஆனால் ஸ்டெயின்லெஸ்ஸையும் இன்கோனலையும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. அதற்குத் தயாரிப்பாளரின் பொருள் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

டைட்டானியத்தைப் பற்றி ஒரே ஓர் உதாரணம். 2006 கார்வெட் இசட்06 காரின் எல்எஸ்7 என்ஜினில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்லெட்டுக்கு டைட்டானியமும் எக்ஸாஸ்ட்டுக்கு சோடியம் வால்வும் வைத்தது. அது டர்போ இல்லாத என்ஜின்; அதிலேயே எக்ஸாஸ்ட்டுக்கு டைட்டானியம் வைக்கவில்லை. தினமும் சாலையில் ஓடும் டர்போ காரின் எக்ஸாஸ்ட்டுக்கு டைட்டானியம் விற்க வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இனி அந்த மில்லிமீட்டர் கேள்வி. ஆர்பி26இன் இன்லெட் வால்வு 34.5 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் சுற்றளவு 3 சதவீதம்கூடக் கூடுவதில்லை. அந்த மூன்றுக்காக சீட்டைப் பெரிதாக்கி, இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பாலத்தை மேலும் சுரண்டுகிறோம். எக்ஸாஸ்ட் பக்கம் விரிசல் விழும் இடம் அதுவேதான். காற்று போகும் வழியான போர்ட்டும், வால்வைத் திறக்கும் கேம்ஷாப்டும், டர்போவும் பெரிதாகி, வால்வுதான் தடை என்று தெரிந்த பிறகு பெரிய வால்வு போடலாம். அதுவரை பழைய அளவே போதும்.

வால்வுக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டு, பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போடுவது இன்னொரு வழக்கம். 2 பார் பூஸ்ட்டில் அந்த 34.5 மில்லிமீட்டர் வால்வின் முதுகில் காற்று சுமார் 19 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. மூடி வைக்க முயலும் ஸ்பிரிங்கிற்கு அவ்வளவும் எதிரி. விளைவாக, உச்சச் சுற்றில் வால்வு சீட்டில் குதித்து வண்டி திக்கும். உரிமையாளர் இக்னிஷன் காயிலை மாற்றிக்கொண்டிருப்பார்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். காற்று தாராளமாகப் போகட்டும் என்று, ஒரு டர்போ ஹெட்டில் எக்ஸாஸ்ட் சீட்டின் அகலத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வெட்டினேன். மூன்றே மாதத்தில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் வால்வின் ஓரத்தில் நகவெட்டியால் கடித்தது போல ஒரு வெட்டு, அதைச் சுற்றி வெளிறிய சாம்பல் நிறம். சூடு இறங்கும் பாதையை நானே ஒற்றையடிப் பாதையாக்கியிருந்தேன். இப்போது எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியே விடுகிறேன். நீலச் சாயம் தடவி வால்வை மெல்ல அழுத்தி எடுத்தால், விளிம்பைச் சுற்றி அறுபடாத ஒரு வளையம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் கைடு தேய்ந்திருக்கிறது. அந்தக் கைடில் எவ்வளவு விலை உயர்ந்த வால்வைப் போட்டாலும், ஒவ்வொரு முறை மூடும்போதும் தலை கோணலாக உட்கார்ந்து, கழுத்து வளைந்து, ஒரு நாள் முறியும்.

லேப்பிங் பேஸ்ட் என்ற உரசும் பசையைப் போட்டு, வால்வைச் சீட்டில் வைத்துக் கையால் தேய்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் போகாது. வெறும் எஃகு வால்வுக்கு லேசாகத் தேய்க்கலாம். பூச்சுள்ள வால்வில் தேய்த்தால், காசு கொடுத்து வாங்கிய பூச்சை நாமே சுரண்டி எடுக்கிறோம்.

பூட்டும் முன், வால்வு பிஸ்டனில் இடிக்காமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் களிமண் சோதனையைத் தவற விடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டன் தலையில் ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முடுக்கி, டைமிங் பெல்ட்டை மாட்டி, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். களிமண்ணின் மிக மெல்லிய இடத்தை வெட்டி அளந்தால், பொதுவாக இன்லெட்டுக்கு 2, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிடித்து வைக்கும் வால்வு பூட்டுகளும் புதிய வால்வின் பள்ளத்துக்குப் பொருந்தியவையாக இருக்க வேண்டும். பழையதைச் செருகிப் பார்த்து 'உட்காருகிறதே' என்று விடக் கூடாது.

எரிந்த வால்வை மாற்றியவர், அது ஏன் எரிந்தது என்று பார்க்காவிட்டால் புதியதும் எரியும். எரிபொருள் குறைந்த கலவையும் தாமதமான இக்னிஷனும் எக்ஸாஸ்ட் சூட்டை ஏற்றிவிடும். புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டில் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கழற்றிய சோடியம் வால்வுகளை, உளி செய்யலாம், துருவிப் பார்க்கலாம் என்று கிரைண்டரில் வைக்காதீர்கள். தண்டு திறந்து சோடியத்தில் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டி அனுப்புங்கள்.